இருபதாவது நிமிடம்

அன்புள்ளவளுக்கு,

நம் மகனைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்குக் கோபமில்லை, காலி வீட்டில் யாரிடம் கோபப்படுவது?

ஆட்டம் தொடங்கி இருபதே நிமிடத்தில் அவனை வெளியே எடுத்தேன். கோச் தன் மகனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாலு பேர் பேசக் கூடாது, அதனால்தான் என்று உன்னிடம் சொன்னேன். "கால்ல அடிகூட இல்லையே கோச், ஏன் எடுத்தீங்க?" என்று அவன் கேட்டபோது மாற்று ஆட்டக்காரனை உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினேன்.

நீ அன்று மைதானத்துக்கு வரவில்லை. நான் அவனை வெளியே எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்புதான் அவன் கோல் போட்டான். மொத்த கேலரியும் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தியது.

அதே மைதானத்தில் நான் பதினாறு வருடம் ஆடினேன். எனக்காக ஒருத்தன்கூட எழுந்ததில்லை.

இப்படிக்கு,
அவனுடைய கோச்