ஆவணப் பட்டியலில் ஏழாவது

மார்ச் 2, வியாழன்

ஆஸ்பத்திரியின் கிழிந்த விரிப்புகள் இன்று மூட்டை மூட்டையாக வந்தன. பதினெட்டு வருஷமாகத் துணி அறையில் தைக்கிறேன். நோயாளிகள் ஏன் எப்போதும் கால்மாட்டிலேயே கிழிக்கிறார்கள் என்பது இன்னும் புரியவில்லை. முதுகு விண்விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்தால், வாசலில் கோர்ட் ஆள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு உறையை நீட்டிவிட்டுப் போனார்.

அவன் மனு போட்டிருக்கிறான். தங்கச்சியின் புருஷன். மகள் மைனாவைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

தங்கச்சி கண்ணை மூடி நாலரை வருஷம். சரக்குக் கப்பலில் சமையல்காரனாகச் சுற்றிக்கொண்டிருந்தவன், இப்போது கரையேறி, ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்து, வீடும் பிடித்து, அப்பாவாகிவிட்டான்!

மனுவில் எனக்கு 'எதிர்மனுதாரர்' என்று பெயர். ஓயாமல் பேசுகிறாள் என்று தங்கச்சி 'மைனா' என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு நாலு வயசிலிருந்து நான்தான் தலை வாரிவிடுகிறேன். நான் யாருக்கு எதிர்?

மார்ச் 4, சனி

வக்கீல் வைக்க எனக்கு வக்கில்லை. இலவச வக்கீல் கேட்கப் போனால், அதற்கு என் சம்பளம் கொஞ்சம் அதிகமாம். கோர்ட் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ஒரு துண்டுத்தாளைத் தந்தாள்: 'தம் வழக்கைத் தாமே நடத்துவோருக்கு இலவச சட்ட வகுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணி. நூலக மாடி.'

போனேன். குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்து வந்த குட்டி நாற்காலிகள். முழங்கால் மோவாயை இடிக்க எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். பாடம் எடுப்பது ஒரு இளம் வக்கீலம்மா. தீராத ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது: “நான் உங்க வக்கீல் இல்ல. சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்லுவேன். நீங்க என்ன பண்ணணும்னு சொல்ல மாட்டேன். அது உங்க முடிவு.”

பக்கத்தில் ஒரு சலூன்காரர். கடையைக் காலி பண்ணச் சொல்லி வழக்காம். “ஊர்ல எல்லார் தலையும் என் கையில. என் தலை மட்டும் ஜட்ஜ் கையில,” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

மார்ச் 7, செவ்வாய்

மைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்று முழுக்க யானைக்கு எத்தனை முழங்கால் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, சனி

இன்று பிரமாண வாக்குமூலம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண் போட்டு, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். 'அவன் மோசமானவன்' என்று எழுதக் கூடாது. எந்தத் தேதியில் என்ன செய்தான் என்று எழுத வேண்டும். சலூன்காரர் கேட்டார்: “மேடம், வீட்டுக்காரன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருதுன்னு ஒரு பாயின்ட் போடலாமா?” “தேதி இருந்தா போடுங்க,” என்றார் வக்கீலம்மா.

அங்கேயே எழுதினேன். எண் 1: என் தங்கை இறந்தபோது மனுதாரர் உடன் இல்லை. எண் 2: அடக்கம் முடிந்து பதினோராம் நாள்தான் வந்தார். எண் 3: ஆறே மாதம் என்று சொல்லிக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். எண் 4: அதன் பிறகு குழந்தையோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை.

வக்கீலம்மா எல்லோர் பின்னாலும் நடந்துகொண்டே சொன்னார்: “கீழ கையெழுத்துப் போடுறப்போ இதெல்லாம் சத்தியம்னு சொல்றீங்க. ஞாபகம் இருக்கட்டும்.” அவர் என் தாளைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

மார்ச் 18, சனி

இன்றைய பாடத்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

ஆவணப் பட்டியல். வழக்கு சம்பந்தமாக நம் கையில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் பட்டியல் போட்டு எதிர்த் தரப்புக்கும் கொடுக்க வேண்டுமாம். “நமக்குச் சாதகமானது மட்டும் இல்ல. பாதகமா இருக்கிறதும்தான்,” என்றார் வக்கீலம்மா.

கை தூக்கினேன். “தெரிஞ்சவங்க ஒருத்தங்க கேக்கச் சொன்னாங்க. ஒரு காகிதம் அவங்ககிட்ட இருக்கிறது யாருக்குமே தெரியாதுன்னா?”

அவர் கைக்குட்டையை மடித்தார். “அவங்களுக்குத் தெரியுமே.”

மார்ச் 20, திங்கள்

அரை நாள் லீவு. மைனா பள்ளிக்கூடத்தில். அலமாரி மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

இருபத்தேழு கடிதம். ஏழெட்டுத் துறைமுகத்து முத்திரை. எல்லாவற்றிலும் மைனாவின் பெயர். 'மேற்பார்வை: பெரியம்மா' என்று கீழே. ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒன்றையும் அவளிடம் கொடுக்கவில்லை. எரிக்கவும் இல்லை. ஏன் எரிக்கவில்லை?

போன் நம்பரை மாற்றினேன். 'குழந்தை உங்ககிட்ட பேச மாட்டேங்கறா' என்று அதற்கு முன் ஒரு முறை செய்தி அனுப்பினேன். அவளை நான் கேட்கவே இல்லை.

கடைசி வாரம் முழுக்கத் தங்கச்சி கேட்டது ஒன்றுதான். “அக்கா, அவர் வந்துட்டாரா?” வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள். தூக்க முடியாதபோது கண்ணை மட்டும் திருப்புவாள். அதைப் பார்த்தவள் நான். அவன் பார்க்கவில்லை. அவன் வந்து நின்றபோது அவள் படுத்திருந்த கட்டில்கூட வீட்டில் இல்லை. எப்படி மன்னிக்கறது? சொல்லு, எப்படி மன்னிக்கறது?

மார்ச் 21, செவ்வாய்

மைனாவிடம் வழக்கைச் சொன்னேன். சோப்பு போட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சேன். அப்புறம் ஏன் கேக்கறார்?”

பிடிக்காது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் அப்படி நினைத்தபோது இல்லையென்றும் சொன்னதில்லை.

மார்ச் 25, சனி

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும் சாக்கில் நின்றேன். வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதம், பெட்டி, எண் 4.

“நான் என்ன பண்ணட்டும்?”

“அதை நான் சொல்ல முடியாதுக்கா. சட்டம் கேக்கறது உங்களுக்கே தெரியும். குடுத்தா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, கேஸ் உங்களுக்குப் பாதகமாப் போகலாம். குடுக்கலைன்னா...” தும்மல் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, “குடுக்கலைன்னா, பொய் சத்தியம்,” என்றார். கண் கலங்கியிருந்தது. ஜலதோஷத்தாலா என்று தெரியவில்லை.

மாடிப்படியில் சலூன்காரர் காத்திருந்தார். கேட்டும் கேட்காமலும் இருந்திருப்பார் போல. பஸ் வரும்வரை பேசாமல் கூடவே நின்றார். அந்த வாயை மூடி இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

எண் 4-ஐ அடித்துவிட்டு வேறு எழுதினேன்: 'மனுதாரர் குழந்தைக்கு இருபத்தேழு கடிதங்கள் அனுப்பினார். நான் அவற்றைக் குழந்தையிடம் கொடுக்கவில்லை.' ஆவணப் பட்டியலில் ஏழாவது: கடிதங்கள், 27, உறை பிரிக்கப்படாதவை. கவுன்ட்டர் அம்மாள் முத்திரையை டப்பென்று குத்தினாள். அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பி ஒரு விரிப்பைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

ஏப்ரல் 12, புதன்

விசாரணை. சின்ன அறை, மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் மெலிந்திருந்தான். முன்தலை வழுக்கை. பக்கத்தில் வக்கீல். என் பக்கத்தில் என் கைப்பை.

வகுப்பில் சொன்னபடி எழுந்து நின்று, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளிக்கூடம், தடுப்பூசி, காது வலி, பயந்து அழும் மழைநாள். நீதிபதி ஒரு நடுவயசு அம்மாள். எழுதிக்கொண்டே வந்தவர் ஏழாவது எண்ணில் பேனாவை வைத்துவிட்டார்.

“ஏன் குடுக்கலை?”

“கோபம்.”

“சரி. நீங்களாவது பிரிச்சுப் பார்த்திருக்கலாமே?”

“படிச்சா மன்னிச்சிடுவேனோன்னு பயமா இருந்தது,” என்றேன். கேள்வி கேட்க எழுந்த அவன் வக்கீல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நகல் எடுத்துக்கொண்டு அசலைக் குழந்தையிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு.

வராந்தாவில் அவன் வந்தான். கத்துவான் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். கத்தியிருக்கலாம். “ஒண்ணாவது குடுத்திருக்கலாமே, அக்கா,” என்றான். திரும்பிப் போய்விட்டான்.

ஏப்ரல் 13, வியாழன்

பள்ளி விட்டு வந்ததும் கடிதக் கட்டை அவள் மடியில் வைத்தேன். நான் செய்ததையும் சொன்னேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை. இருந்ததை எல்லாம் நேற்றே கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்து தேதிவாரியாகப் படித்தாள். நான் சமையலறையில் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். நடுவில் ஒரு முறை வந்தாள். முதல் கடிதம் கையில்.

“அம்மாவுக்கு முடியலைன்னு தெரிஞ்சப்போ கப்பல் நடுக்கடல்ல இருந்ததாம். கரைக்கு வர பதினெட்டு நாள் ஆச்சாம். கேப்டன் காலைப் பிடிச்சாராம்.” இன்னொரு வரியில் விரலை வைத்தாள். “அப்புறம் இங்க பாரு. 'உனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அதனால என்ன, பெரியம்மா வாசிச்சுக் காட்டுவாங்க.' எல்லாத்திலயும் கடைசியில இப்படித்தான் போட்டிருக்கார். எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச அப்புறமும்.”

அழவில்லை. கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துக்கொண்டு போனாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வெளியில் கேட்காமல் இருக்க.

ஏப்ரல் 22, சனி

வகுப்புக்குப் போகவில்லை.

ஏப்ரல் 26, புதன்

தீர்ப்பு. மைனா அப்பாவிடம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை.

நாலரை வருஷம் நான் வளர்த்ததை நீதிபதி நல்லவிதமாகவே சொன்னார். இவ்வளவு நாள் ஒரு தகப்பனை மறைத்து வைத்ததையும் சொன்னார். “ஒளிச்சதை அவங்களே கொண்டுவந்து வெச்சாங்க. அதனால ஞாயிற்றுக்கிழமைகளை நம்பிக் குடுக்கறேன்.” தீர்ப்பு நகலில் இந்த வரி இல்லை. எனக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

போய்விட்டாள். இரண்டு செட் துணி, புத்தகப் பை, கடிதக் கட்டு. அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை. தன் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மே 1, திங்கள்

காலையில் எழுந்ததும் கை சீப்பைத் தேடியது. சே.

மே 6, சனி

போனேன். சலூன்காரருக்குக் கடையைக் காலி பண்ண ஒரு வருஷம் தவணை கிடைத்திருக்கிறது. எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டுவந்தார். என் கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். “தோத்துட்டீங்களா?” என்றார். “தெரியலைங்க,” என்றேன். அவர் பிஸ்கட் பொட்டலத்தை மொத்தமாக என் மடியில் வைத்துவிட்டார், பாவம், வேறென்ன செய்வார்.

மே 7, ஞாயிறு

பத்து மணிக்குக் கேட் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. அப்பா பத்து நிமிஷம் கெஞ்சிப் பார்த்தார். “அவளை வற்புறுத்தாதீங்க, மாப்பிள்ளை,” என்றேன். உறவுமுறை சொல்லி அவரைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. கூட்டிக்கொண்டு போனார்.

மே 14, ஞாயிறு

உள்ளே வந்தாள். சாப்பிட்டாள். கேட்டதற்கெல்லாம் டீச்சருக்குச் சொல்வது போல ஒரு வார்த்தையில் பதில். நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்றாள். சரி என்றேன்.

மே 21, ஞாயிறு

முட்டை பொரித்துக் கொடுத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“என் மேலயும் கோபமா, அப்போ?”

“இல்லடி.”

“அப்பா மேல மட்டும்?”

“ஆமா.”

“இப்பவும்?”

யோசித்துத்தான் சொன்னேன். “கொஞ்சம் இருக்கு. அவர் மேலன்னு சொல்ல முடியல. உங்க அம்மா போனது மேல.”

தலையை ஆட்டினாள். “நான் உன் மேல கோபமாத்தான் இருக்கேன்,” என்றாள்.

“இருந்துக்கோ.”

சாப்பிட்ட பிறகு அலமாரியைத் திறந்து தன் சாமான்களை எல்லாம் எடுத்து வைத்தாள். ஸ்வெட்டர், வண்ணப் பென்சில், படக்கதைகள், குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் காது பிய்ந்த கரடி. நான் மடித்துக் கொடுத்தேன். கொண்டுவந்த சின்னப் பையில் பாதிகூட அடங்கவில்லை. மேல்தட்டிலிருந்து என் பயணப் பையை இறக்கிக் கொடுத்தேன். எல்லாம் அடங்கியது. அலமாரியில் அவள் பக்கம் பளிச்சென்று காலியாகிவிட்டது.

ஐந்து மணிக்கு அவர் கேட்டில் வந்து நின்றார். பையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போனாள். நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன். கேட்டைத் திறந்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“பையை அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து தரேன், பெரியம்மா.”