மதகின் சிவப்புக்கோடு

நவம்பர் 9
கோதுமைக்கு முதல் தண்ணீர். காலை ஆறு மணிக்கு மதகைத் திறந்தேன். தூணில் உள்ள சிவப்புக்கோடு வரை தண்ணீர் ஏறியதும் அந்தத் திறப்பிலேயே பூட்டிவிட்டு வந்தேன். கோடு வரை நின்றால் கடைமடை வரை போகும் என்பது கணக்கு. என் வீட்டுக்காரர் தீட்டிய கோடு. அவர் போன பிறகு பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்தான் புதுச் சாயம் அடிக்கிறேன். நாளை கடைமடை எவாரிஸ்தோவின் முறை.

நவம்பர் 11
எவாரிஸ்தோ வந்து கத்திவிட்டுப் போனார். அவருடைய கடைமடை வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். என் மகள் நொயெமிக்கு ஞானத்தகப்பன் அவர். அந்த உறவில் இத்தனை வருடமும் என்னைக் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவார். இன்று அது இல்லை.

“மதகுக்காரம்மா, என் முறைத் தண்ணி யாரு வயலுக்குப் போச்சு?”

“கோடு வரைக்கும் ஏத்திட்டுத்தான் வந்தேன். கண்ணால பாத்தேன்.”

“நல்லா பாத்த போ!”

ஊற்றி வைத்த காப்பியைத் தொடவில்லை. அப்படியே ஆறிக் கிடக்கிறது. நானும் குடிக்கவில்லை.

நவம்பர் 12
என் வயல் மதகுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் என் கோதுமையில் கணுக்கால் ஆழம் தண்ணீர். இந்த வாரம் எனக்கு முறையே கிடையாது. மடை மூடித்தான் இருக்கிறது. நானே திறந்து, மூடி, மறந்துவிட்டேனா? அம்மா அறுபது வயதில் அடுப்பில் பானையை வைத்துவிட்டு மறக்க ஆரம்பித்தாள். எனக்கு ஐம்பத்தேழு.

யாரிடமும் சொல்லவில்லை. மண்வெட்டியால் தண்ணீரை வடித்துவிட்டு, என் கால்தடத்தையும் அழித்துவிட்டு வந்தேன். அதை ஏன் அழித்தேன்?

நவம்பர் 20
மூன்று தடவை போய்ப் பார்த்தேன். கோட்டில்தான் நிற்கிறது. கோட்டில்தான் —

டிசம்பர் 2
நொயெமி நாட்டு எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் கீரைக்கோசு கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறாள். மதியம் போன் செய்தாள்.

“அம்மா, ஒழுங்காத் தூங்கறியா?”

“எதுக்குக் கேக்கற?”

“எவாரிஸ்தோ மாமா பேசினாரு. உனக்கு ஏதோ குழப்பம்னு...”

குழப்பமாம்! திருடி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் மட்டும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். 14-ஆம் தேதி ஊர்க்கூட்டம். மதகுச் சாவி என்னிடம் இருக்கலாமா என்று கை தூக்கிச் சொல்லப்போகிறார்கள். சாவியை வாங்கிவிட்டால் நான் திருடி என்று எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

டிசம்பர் 6
சாலையில் போன வசந்தத்தில் தார் ஊற்றி அடைத்த வெடிப்பு மறுபடியும் விரிந்துவிட்டது. பஸ் எகிறி, மடியில் வைத்திருந்த முட்டையில் நாலு உடைந்தது. வெடிப்பை அளக்க என்செனாதா நகரத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், ஆராசெலி என்று பெயர். முக்காலிக் கருவியை ராத்திரி என் முற்றத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து எவாரிஸ்தோ வண்டியில் போனார்.

“வெடிப்பு வேலிக்கு அந்தப் பக்கமும் போகுதா பொண்ணு?”

“போகுது மாமா.”

“விசா இல்லாமலா? கெட்டிக்கார வெடிப்புதான்!”

அவளிடம் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 7
ஆராசெலி இன்று மதகுத் தூணையும் அளந்தாள். ஐந்து வருடத்தில் இரண்டு சாண் இறங்கியிருக்கிறதாம்.

“தண்ணியா?”

“தூணுங்க. நெலமே எறங்குது.”

“கோட்டுலதானே தண்ணி நிக்குது?”

“கோடும் சேந்துதானே எறங்கியிருக்கு!”

எனக்குப் புரியவில்லை. அவள் என் சமையலறைக்கு வந்து ரொட்டி மாவை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் தீபகற்பம், ஒரு பக்கம் கண்டம். நடுவில் மாவு மெலிந்து தொங்கியது. “இங்கதான் நாம இருக்கோம். மெலிஞ்ச எடத்துலதான் அடியில இருக்கற சூடு மேல வருது. உங்க கருப்பு எரிமலை, கொதிக்கிற சேத்துக்குழி எல்லாம் அதனாலதான்.” மதகும் என் வயலும் தொங்கும் பக்கம்; வாய்க்கால் கரையும் இறங்கித்தான் என் வயலுக்குள் வழிந்திருக்கிறது. எவாரிஸ்தோ வயல் வெடிப்புக்கு அந்தப் பக்கம், பழைய உயரத்திலேயே.

அப்படியானால் எனக்குப் புத்தி பிசகவில்லை! சந்தோஷத்தில், சோளமடலில் சுற்றி வேகவைத்த தமாலே நாலு தின்றேன். ஐந்தாவதைப் பிரிக்கும்போதுதான் கேட்கத் தோன்றியது.

“கடைமடைக்கு இனிமே தண்ணி?”

“மேட்டுக்கு எப்படிங்க ஏறும்?”

“கரைய ஒசத்தினா?”

“ஒசத்தலாம். அதுவும் எறங்கும்.”

டிசம்பர் 10
சொன்னால் நான் தப்பிப்பேன், ஆனால் அவருடைய வயல் செத்தது என்று ஊர் முன்னால் அறிவித்ததாகும். சொல்லாவிட்டால் நான் திருடி. அடுத்து வரும் மதகுக்காரனையும் அவர் திட்டிக்கொண்டு, தண்ணீர் வரும் என்று நம்பிக்கொண்டு இருப்பார். எது நல்லது? தெரியவில்லை. மாதாவே, எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 14
சொல்லிவிட்டேன். என் வயலில் வழிந்த தண்ணீரை மறைத்ததையும், கால்தடம் அழித்ததையும் சேர்த்தே சொன்னேன். ஆராசெலி அளந்து எழுதிய தாளை எல்லோரும் பார்த்தார்கள். சாவி எனக்கே என்று எல்லாக் கையும் உயர்ந்தது, ஒரு கை தவிர. எவாரிஸ்தோ தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ திருடியே இருந்திருக்கலாம் தெல்பினா. திருட்டுன்னா நாளைக்காவது தண்ணி வரும்.”

ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜனவரி 8
தெற்குக் காற்று. நாள் முழுக்கச் சேற்றுக்குழிகளின் அழுகிய முட்டை வாடை. எவாரிஸ்தோ கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்கும் வரவில்லை.

ஜனவரி 19
நானே போனேன். அவருடைய கோதுமை விரல் உயரத்தில் காய்ந்து நிற்கிறது. பருத்திக்கு ஒதுக்கியிருக்கும் என் பாதி வயலில் சேர்ந்து விதைக்கலாம், விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்றேன். “என் தண்ணிய எனக்கே பிச்சை போடறியா?” என்று கதவைச் சாத்தினார். போகட்டும், கிழட்டுக் கழுதை.

நான் கேட்ட விதம் தப்போ?

பிப்ரவரி 27
விதைப்புக்கு முந்தைய தண்ணீர். ஆறு மணிக்கு மதகுக்குப் போனால் ஒருவர் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டு, மண்வெட்டியோடு என் வயலில் நின்று கொண்டிருந்தார். மதகைத் திறந்தேன்.

“இன்னும் ரெண்டு விரல் தூக்கு, கொமாத்ரே.”

“கோட்டைத் தாண்டிடும்.”

“கோட்டை விட்டுத் தள்ளு. தண்ணியப் பாரு.”

பார்த்தேன். நான்கு விரல் தூக்கினேன். கொண்டுபோன காப்பியில் அவர் இரண்டு கோப்பை குடித்தார். வந்து முறைப் புத்தகத்தில் எவாரிஸ்தோ என்ற பெயருக்கு எதிரே என் வயலின் எண்ணை எழுதினேன். பிப்ரவரி முடியப்போகிறது. சாய டப்பாவை இந்த வருடம் திறக்கவில்லை.