பத்தொன்பது முடிச்சு

கனகசெட்டிக்குளம்,
20 ஜனவரி 2025

அன்புள்ள மச்சான் கமலக்கண்ணனுக்கு,

கன்னியப்பன் சொல்லச் சொல்ல மருமகள் பூவிழி எழுதுகிறாள். இங்கே எல்லாரும் சுகம். என் தங்கச்சி சுலோசனா வேளைக்குச் சாப்பிடுகிறாள். புருஷனை ஜெயிலுக்கு அனுப்பின பொம்பளை மாதிரியே இல்லை. ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மரியாதை பண்ணுகிறார்கள். காலாப்பட்டு ஜெயில் பக்கம்தான், மனுப் போட்டு வந்து பார்க்கலாம். வர மாட்டேன். உன் முகத்தைப் பார்க்க வரிசையில் நிற்க என்னால் ஆகாது.

பஸ் நிறுத்தத்தில் உன் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். ‘கடல் காத்த வீரர்’ என்று இருக்கிறதாம். முந்தாநாள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். “கயிறு அறுத்த தாத்தா வீடு எது?” என்று என்னிடமே கேட்டார்கள். நான்தான் வழி காட்டினேன்.

இது என்ன நியாயம் மச்சான்? வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம்ம கடலில் மிதவை போட்டு வேலி கட்டினான். உள்ளே கூண்டு இறக்கி மீன் வளர்த்து, பெட்டியில் அடைத்துக் கப்பல் ஏற்றுவானாம். அதற்குத் தீனி நம்ம மத்தியை அரைத்த மாவாம். விடிகிற நேரத்தில் தனியாகப் போய்ப் பத்தொன்பது மிதவையையும் ஓட்டிவிட்டவன் நான். கரை ஏறி ஈரத்தோடு நிற்கிறேன். இன்ஸ்பெக்டர் “யாருடா பண்ணது?” என்றார். நான் வாயைத் திறக்கிறதுக்குள் நீ முன்னால் போய், “நான்தான் சார், கத்தியால அறுத்துட்டேன்” என்றாய். “இல்ல சார், நானு” என்று நான் கத்தினால், “பெருசு, வூட்டுக்குப் போ, வெயில் ஏறுது” என்று தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்.

எழுபத்தொன்பதில் விசைப்படகுச் சண்டை. பேப்பரில் உன் படம் வந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது. தொண்ணூற்று நாலில் இறால் பண்ணைக்காரனை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்தோம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நீ நீலச் சட்டை. மைக் உன் கையில். அதன் ஒயர் அறுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு மூணு மணி நேரம் நின்றவன் நான். எழுத்துத் தெரிந்தவன் பேசட்டும் என்று அதையெல்லாம் விட்டேன். இதை விட முடியாது.

அதிலும் அறுத்தேன் என்றாயே, அதுதான் வயிறு எரிகிறது. நான் அறுக்கவில்லை. அவிழ்த்தேன்.

கன்னியப்பன் கைநாட்டு

*

காலாப்பட்டு,
29 ஜனவரி 2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை, மீன் குழம்புதான் கனவில் வருகிறது.

உனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இங்கே சிமென்ட் தரையில் படுக்க உன்னால் ஆகுமா? அதை நினைத்துத்தான் முன்னால் போனேன். வேறு ஒன்றும் இல்லை. நம்ம மீனவர் சங்கத்துக்கு வாதாடுகிற வக்கீல் ஹேமலதா, யார் செய்தது என்பது பெரிதில்லை என்கிறார். யாரைக் கேட்டு, எந்தக் காகிதத்தில் நம்ம கடலைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டச் சொல்லப் போகிறாராம். அதுதான் நமக்கு வேண்டும்.

ஒரு விஷயம். இங்கே வருகிற கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுக்கிறார்கள். போன கடிதத்தைப் படித்த ஆபீசர், “பெரியவருக்கு உம்மேல பொறாமையாய்யா?” என்று சிரித்தார். தமாஷாக எடுத்துக்கொண்டதால் தப்பித்தாய். இனிமேல் அந்தப் பேச்சு எழுத்தில் வேண்டாம். மாத்திரையை விடாமல் போடு.

உன்
கமலக்கண்ணன்

*

கனகசெட்டிக்குளம்,
5 பிப்ரவரி 2025

மச்சானுக்கும், இதைப் பிரித்துப் படிக்கிற ஆபீசர் ஐயாவுக்கும்,

இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பூவிழி எழுத மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள். “மாமா, இத எழுதுனா வூட்டுக்கு ஜீப் வரும்” என்றாள். “வரட்டும், அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்” என்றேன். அழுதுகொண்டே எழுதுகிறாள். எழுத்து கோணினால் அதனால்தான்.

ஐயா, கம்பெனிக்காரன் போட்ட முடிச்சு எப்படி என்றால், இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு, அதன்மேல் இன்னொரு சுற்று. உப்பு ஏறி இறுகிப் போயிருந்தது. அதை இழுத்தால் இன்னும் இறுகும். நுனியைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் இளகும். ஏழாவது மிதவையில் பாசி. பதின்மூன்றாவதில் இடது பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. பத்தொன்பதையும் முடிக்கிறபோது சூரியன் ஒரு முழம் ஏறியிருந்தது. கயிறு எல்லாம் ஸ்டேஷனில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள், எங்கேயாவது கத்தி பட்டிருக்கிறதா என்று. கமலக்கண்ணனிடம் ஒரு முடிச்சைக் கொடுத்து அவிழ்க்கச் சொல்லிப் பாருங்கள். அவன் மேடையில் நன்றாகப் பேசுவான்.

மச்சான், என் நெஞ்சுக்காகச் செய்தேன் என்கிறாய். என் நெஞ்சில் டாக்டர் கை வைத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

நகம் போன விரலாலேயே கைநாட்டு வைத்திருக்கிறேன்.

கன்னியப்பன்

*

கனகசெட்டிக்குளம்,
19 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

என்னை விட்டுவிட்டார்கள். உன்னைக் கொண்டுபோன ஜீப்பும் நான் ஏறி வந்த பஸ்ஸும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். இரண்டு தடவை மனுப் போட்டு வந்தேன். பார்க்க மாட்டேன் என்று நீ சொன்னதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சுலோசனா என்னோடு பேசவில்லை. “எங்கண்ணன உள்ள அனுப்பிட்டு வந்து நிக்கிற” என்று ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி.

கோர்ட்டில் நல்ல சேதி. காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு ஆகிவிட்டது. அதுவரை மிதவை போடக் கூடாது. நேற்று நம்ம படகுகள் பழைய இடத்துக்கே போய் வலை விட்டன.

நீ கேட்டபடியே ஆபீசர் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சைக் கொடுத்தார். இழுத்தேன். இறுகிவிட்டது. பல்லால் கடித்தும் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நெஞ்சு ஆபரேஷன் என்று எழுதினேனே, அது பொய். அன்றைக்கு உன் ஆபரேஷன் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. நீ தண்ணீர் சொட்டச் சொட்டக் கரை ஏறி வந்தாய். யாரையும் பார்க்கவில்லை, கையை உதறிக்கொண்டு நின்றாய். நாற்பத்தைந்து வருஷமாக நீ செய்ததைத்தான் நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது செய்தவனாக நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆபீசர் படித்தால் படிக்கட்டும்.

ஐந்து வாரம் நான் நீயாக இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. இதற்கு மேல் நீ எனக்கு எழுத வேண்டாம் என்றாலும் சரி.

கமலக்கண்ணன்

*

காலாப்பட்டு,
27 பிப்ரவரி 2025

மச்சான் கமலக்கண்ணனுக்கு,

பக்கத்துப் பாயில் படுக்கிற ராஜா எழுதுகிறான். நெஞ்சு நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தை அவனை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது தடவை “போதும் பெருசு, எனக்கே அழுவ வருது” என்று மடித்துவிட்டான்.

நேற்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார். “இந்த வயசுல ஒத்த ஆளா எப்படிய்யா பண்ணுன?” என்றார். தனியாகப் போனேன் என்று முதல் கடிதத்தில் எழுதச் சொன்னது கோபத்தில் சொன்னது என்றேன். தண்ணீரில் ஒருத்தன் முடிச்சோடு மல்லுக்கட்டினால், ஓட்டத்தில் படகு போய்விடாமல் மேலே ஒருத்தன் நிறுத்திப் பிடித்தாக வேண்டும். எந்த வலைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். பிடித்தது நீதான் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது மிதவைக்கும் படகைப் பிடித்தாய், பதின்மூன்றாவதில் என் விரலுக்குத் துணி கிழித்துக் கட்டினாய். நீலச் சட்டை போட்டிருந்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்.

கைநாட்டும் வைத்தாகிவிட்டது. ஓரிரு நாளில் உன்னைத் தேடி வருவார்கள். சுலோசனாவிடம் கோபித்துக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டு, போர்வை இரண்டாக எடுத்துக்கொண்டு வா. இங்கே என் பாய்க்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஆபீசர் ஏதாவது கேட்டால் நீ சும்மா இரு. முதலில் நான் பேசுகிறேன்.

கன்னியப்பன் கைநாட்டு