பூதத்துக்காகப் பேசிய உனக்கு

இன்று புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். எங்கள் பாமன்கடைக் காணி வழக்கை மறுபடியும் வேறொரு நாளுக்குத் தவணை போட்டுவிட்டார்கள். இடுப்பு வலித்தது. சட்டத்தரணிகளின் வியர்வையில் ஊறிக் காய்ந்த கறுப்புக் கோட்டுகளின் மணம் வந்தபோது உன்னை நினைத்தேன். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பில், மாமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற உன்னை.

வாசிப்புப் புத்தகத்தில் ஒரு மாயக்கதை இருந்தது. செப்புக்குடத்திலிருந்து வெளிப்பட்ட பூதமொன்று, அரசன் ஆணையிட்டதும் ஆற்றைத் தூக்கி அயலூரின் மேல் ஊற்றிவிடும். அந்தப் பூதத்தை வகுப்பிலேயே விசாரிப்போம் என்றார் வாத்தியார். பூதத்தின் சட்டத்தரணியாக வர நீ ஒருவன்தான் கையை உயர்த்தினாய். எல்லாரும் சிரித்தார்கள். உனக்குத் திக்குவாய். நான் நீதிபதி.

அரசனாக வந்தவனிடம் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பூ... பூதம் மாட்டன் எண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

"திரும்பவும் குடத்துக்குள்ள போட்டு அடைச்சிருப்பன்."

"அ... அவ்வளவுதான்" என்று உன் இடத்தில் போய் இருந்துவிட்டாய்.

வகுப்பு அடங்கிப்போனது. நீ வென்றுவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பின்வரிசை வாங்கிலிருந்து எவனோ உன்னைப்போலத் திக்கிக் காட்ட, மீண்டும் சிரிப்பு. அது என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், பூதம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில் நீ கோபிக்கவில்லை. "பூதம் பாவமடா. ஆனா நானெண்டா குடத்துக்குள்ளயே போயிருப்பன்" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு இருவருக்கும் துறைமுகத்தருகே ஒரே கந்தோரில் வேலை. கூலியாட்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம், முன்னின்றவர்களின் பெயர்களை எழுதித்தரும்படி துரை உன்னிடம் கேட்டார். நீ மறுத்தாய். விசாரணை வைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே நானும் உள்ளே போய் நின்றேன். நீ திக்கத் திக்க, துரை உன் வசனங்களைத் தானே முடித்துக்கொண்டிருந்தார், எல்லாவற்றையும் பிழையாக.

"அவர் சொல்லி முடிக்கட்டும், சேர்" என்றேன்.

நீ சொல்லி முடித்தாய். ஆனாலும் உன் வேலை போயிற்று. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வெளியே வந்து, வியர்வையில் ஊறிய என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாய்: "ந... நல்லா நனைஞ்சு போனாய், மச்சான்."

அடுத்த ஆண்டு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டிருந்தார்கள்.

இப்போது அதே கந்தோரில் நான் தலைமைக் கிளாக்கர். களைத்துப் போயிருக்கிறேன். மேசை முன்னால் நாள் முழுக்க ஆட்கள். சொல்ல வந்ததைச் சட்டென்று சொல்ல அநேகருக்கு வருவதில்லை. அவர்களுடைய வசனத்தை நானே முடித்துவிட வாய் உன்னும். பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

போன கிழமை, பாரம் சரிந்து செத்த கூலியாள் ஒருவனின் தாய் வந்தாள். நட்டஈட்டுக்காக வந்திருக்கிறாள் என்று படிவத்தை நீட்டினான் பக்கத்து மேசைக்காரன். அவள் வாங்கவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் பேனாவை வைத்தேன்.

"அவன் விழுந்த இடத்தை ஒருக்காக் காட்டுவீங்களோ, ஐயா?"

எழுந்து கூட்டிக்கொண்டு போனேன்.