அப்பாவின் தொடையில் இருந்த தகடு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஆய்வகத்தில் ஃபேன் மட்டும். போட்டால் கரைசல் ஆடுகிறது. நிறுத்தினால் வேர்வை சொட்டுகிறது.

பழைய கம்ப்யூட்டர் நேற்றோடு செத்தது. துரு அளக்கும் பெட்டி மட்டும் உயிரோடு. பொட்டென்ஷியோஸ்டாட் என்று பெயர்; அம்மாவுக்கு அது ‘கரன்ட் டப்பா’. பின்னால் ஒன்பது முள் சாக்கெட். என் லேப்டாப்பில் அதற்கு இடமே இல்லை. காந்திபுரம் போய் மாற்றுக் கேபிள்.

இன்று:
– கேபிள் (வாங்கியாயிற்று)
– எமரி பேப்பர்
– உப்பு தீர்ந்துவிட்டது, கேட்க
– அக்காவுக்கு போன்

கடைசியைச் செய்யவில்லை.

இணைத்தேன். பெட்டி பதில் அனுப்புகிறது, ஆனால் திரை முழுக்கக் கேள்விக்குறிகளும் கட்டங்களும். பக்கத்து மேசை பிரவீன் எட்டிப் பார்த்தான். “ஏனுங்க, உங்க டப்பா எந்த ஊர் பாஷைங்க பேசுது?”

தகடு இழுப்பறையில், செய்தித்தாள் சுற்றி. உடைந்த எலும்பைச் சேர்க்க வைத்தது; அப்பாவின் வலது தொடைக்குள் ஐந்து மாதம் இருந்தது. மின்மயானத்தில் சாம்பலோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சாம்பல் பேரூர் ஆற்றில். இரும்பைப் போட வேண்டாம் என்று அம்மாவின் கூடப்பிறந்த மாமா சொல்ல, அம்மா தன் பையில் வைத்துக்கொண்டாள். அவளிடம் கேட்டு நான் இங்கே எடுத்து வந்தேன்.

மார்ச் 5, புதன்

மேகம். மழை வராது.

பெட்டி ஒரு வேகத்தில் அனுப்புகிறது, லேப்டாப் வேறு வேகத்தில் வாங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். மாற்றியதும் பெட்டி தன் பெயரையும் எண்ணையும் தெளிவாகச் சொன்னது. பிரவீன் டீ வாங்கித் தந்தான். நன்றாக இருந்தது, டீ முடியும் வரை.

மாலை அக்காவே கூப்பிட்டாள்.

வண்டியில் விழுந்து அப்பாவுக்குத் தொடை எலும்பு உடைந்தபோது அம்மாவுக்கு சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, லீவு கிடையாது. எனக்கு ஆய்வகம். அக்காதான் சென்னிமலையில் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். புண் ஆறவில்லை. சீழ். பிறகு காய்ச்சல். பிறகு அப்பா இல்லை. கருமாதி அன்று எல்லார் முன்னாலும் மாமா சொன்னார்: “புண்ணுக் கட்ட ஒழுங்கா மாத்தியிருந்தா மனுசன் இன்னைக்கு உக்காந்து சோறு தின்னுட்டு இருப்பாரு.” அக்கா இலை எடுத்தாள், பாத்திரம் கழுவினாள், போய்விட்டாள். அதன் பிறகு அம்மா வீட்டுப் பக்கம் வரவில்லை.

போனில் அவள் கேட்டது ஒன்றுதான். “அந்த இரும்பு மட்டமா இருந்திருக்குமா அம்மணி?”

மட்டமான தகடு உடம்புக்குள் துருப்பிடிக்கும். புண் ஆறாது. அப்படி இருந்தால் அவள் கையில் ஒன்றும் இல்லை. அளந்து சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

திரையில் வரும் அளவுக் கோடு நடுங்குகிறது. எந்த உலோகத்தை வைத்தாலும் நடுக்கம். கரன்ட் லைன் இரைச்சல், தண்ணீர் மோட்டார் ஓடும்போது இன்னும் மோசம். கேன்டீனில் காலி எண்ணெய் டின் வாங்கி, கழுவி, கண்ணாடிக் குடுவை மேல் கவிழ்த்து, டின்னுக்கு எர்த் கொடுத்தேன். நடுக்கம் நின்றது. ஆய்வகம் முழுக்கப் பலகார வாசனை.

தலைவலி. சாப்பிடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தகட்டின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டினேன். மேலே கறுப்புப் படலம். பளபளப்பு வரும் வரை எமரியில் தேய்த்தேன். அப்பாவைத் தேய்ப்பதாக நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

உடம்புச் சூட்டில் உப்புக் கரைசல். மூன்று வயர்கள். டின். ஓட விட்டேன்.

இவ்வளவு சுத்தமான கோடு இந்தப் பெட்டியில் நான் பார்த்ததில்லை. ஆரம்பத்திலேயே மின்னோட்டம் எகிறுகிறது. நல்ல எஃகு இப்படிச் செய்யாது. லென்ஸில் பார்த்தேன், ஊசி குத்தியது போலக் குழிகள்.

வராந்தாவில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். தகடு மோசம், உன் தப்பில்லை. அந்தப் பக்கம் தறிச் சத்தம். “சாப்பிட்டியா?” என்றாள்.

மார்ச் 8, சனி

அக்கா வந்திருக்கிறாள். பையில் மாற்றுத்துணி. அம்மா அவளைப் பார்த்ததும் அரிசி களையப் போனாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். மதியம் அக்காவே மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் இறங்கியிருந்தது. “ஏதோ வெசனத்துல சொல்லிப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத.”

பிறகு வேறு பேச்சு. ஆஸ்பத்திரியை விடக் கூடாது, செவ்வாய்க்கிழமை வருகிறார், மெஷின் சொன்னதைப் பேப்பரில் எடுத்து வைக்கச் சொன்னார்.

இரவு இருவரும் ஒரே பாயில். அவள் குறட்டை விட்டாள். அப்பா போனதிலிருந்து தூக்கமே இல்லை என்று சொல்லியிருந்தவள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

மாமாவுக்கான பேப்பர். அச்சுக்கு முன்னால் சில விவரங்கள் அடிக்க வேண்டும்; நானே எழுதிய புரோகிராம். மாதிரியின் பரப்பு. கரைசல். மாதிரி முன்பு இருந்த சூழல். ‘மனித உடல், ஐந்து மாதம். பிறகு’ என்று அடித்தேன். அதற்கு மேல் கை போகவில்லை.

பிறகு தீ.

அவ்வளவு சூட்டில் வெந்து மெதுவாக ஆறிய எஃகு, பழைய எஃகு இல்லை. துருவைத் தடுக்கும் குரோமியம் உள்ளே இடம் மாறிவிடும். நல்ல தகடும் கெடும். பாடப்புத்தக விஷயம். ஜூனியர்களுக்கு நானே நடத்தியிருக்கிறேன். கேபிள், வேகம், டின், எர்த் என்று நாலு நாள் ஓடியதில் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை.

ஆய்வகத்தில் தரம் தெரிந்த புதுத் தகடு ஒன்று இருந்தது. ஒரு துண்டை அப்படியே அளந்தேன். நல்ல எஃகின் கோடு. இன்னொரு துண்டை உலையில் சுட்டு, ஆற விட்டு, தேய்த்து, அளந்தேன். அப்பாவின் கோட்டின் மேல் வைத்தால் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

தகடு மட்டமாக இருந்திருக்கலாம். நன்றாகவும் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது.

பிரவீன் கேட்டான், “என்னுங்க, மறுபடியும் மக்கர் பண்ணுதுங்களா?” இல்லை என்றேன். நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

புழுக்கம். ஆய்வகம் போகவில்லை. பேப்பர் எடுக்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று காலை முழுக்க நினைத்தேன். ஆனால் மாமா அந்தப் பேப்பரோடு ஆஸ்பத்திரியில் போய் நிற்பார். அங்கே யாராவது கேட்பார்கள். அக்கா பக்கத்தில் நிற்பாள்.

அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அப்ப நல்ல இரும்பாவும் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்க்கா.”

“நெருப்புல போடறதுக்கு முந்தி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“ஆமா.”

“நீ படிச்சவ. உனக்கு முந்தியே தெரியாதா?”

தெரியும் என்றேன்.

மடித்த துணிகளில் தன்னுடையதை மட்டும் பிரித்துப் பையில் வைத்தாள். மாமா வருவதற்குள் ஈரோடு பஸ்ஸைப் பிடித்துவிடுவதாகச் சொன்னாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். ஜன்னல் சீட். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா நாலு பேருக்கு உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “உங்கொக்கா எங்க கண்ணு?”

ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

“மாமன் வர்ற நேரத்துலயா? ஏன், என்ன ஆச்சு?”

நறுக்கிய வெங்காயத்தை வாங்கி எண்ணெயில் போட்டேன். அம்மா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.