கறுப்புப் புகை விட்ட உன் கார்

என் செல்ல அக்கா,

முதலில் நல்ல செய்தி. உன் காரை விற்கவில்லை. "அந்தப் பேச்சே ஏன் வந்தது?" என்று நீ இடுப்பில் கை வைத்துக் கேட்பது எனக்குத் தெரிகிறது. எல்லாம் உன் வீட்டுக்காரரால்தான்.

நீ கண்மூடிப் போனதிலிருந்து அதை நான்தான் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கோல சிலாங்கூர் சந்தைக்குக் கூட்டிப்போவேன். அவர் வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்து, எங்கே பிரேக் போடவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருவார். ஓட்டத் தெரியாதவர் சொல்லும் யோசனைக்கு அளவுண்டா?

ஆனால் கார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும், சூடேறியதும் திணறும். பின்னால் கறுப்புப் புகை, உள்ளே பெட்ரோல் நாற்றம். "வித்துடலாம் லா. இப்பதான் நம்ம நாட்டுலேயே புதுக் கார் செய்யிறாங்களே" என்றார் அத்தான். சனிக்கிழமை வந்து பார்க்கும்படி ஓர் ஆளிடம் சொல்லியும்விட்டார். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் நீ பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும், அக்கா.

சும்மா விடுவேனா? கார்ச் சாமான் கடையில் கல்லாவில் நிற்கிறவள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் திறந்தேன். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். காற்றைக் குறைக்கும் சோக் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தேன், இல்லை. கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் ஏர் பில்டர் டப்பாவை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டேன். நீ ஓட்டிய காலத்துச் சத்தம்! புகையும் மெல்ல மெல்ல நின்றது.

காற்று நுழையும் அந்த டப்பாவின் மூக்கு கீழே பார்த்திருக்குமே, அதைத் திருப்பினேன். மடித்த துணி ஒன்றை அதன் வாயில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உன் நீல நைலக்ஸ் சேலையில் கிழித்தது.

"நான்தான் கட்டுனேன்" என்றார் அத்தான், பக்கத்தில் நின்றபடி. "அவ போன மறுவாரம். இந்த மண்ரோட்டுத் தூசியெல்லாம் உள்ள போகுதேன்னு... தூசின்னா அவளுக்கு ஆகாது லா."

சிரிப்பதா, அழுவதா? இரண்டும் செய்தேன். "அதுக்குத்தான் உள்ள பில்டரு இருக்கே, அத்தான்! இப்படி மூக்கப் பொத்துனா அது எப்படி மூச்சு விடும்?" என்றேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம். "கார் நல்லா இருக்கு லா, விக்கிறதுக்கு இல்ல" என்று முந்திக்கொண்டு சொன்னது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரர்தான். அந்தத் துணியைத் துவைத்துக் கொடுத்தேன். தினமும் காலையில் அதை வைத்துத்தான் காரைத் துடைக்கிறார்.

இன்னொன்று கேள். நேற்று அவரே போய் எல் பலகை வாங்கி வந்தார்! நீ கெஞ்சியும் உட்காராத வலப்பக்கத்தில் அவரை உட்காரவைத்தேன். சிக்னல் போடச் சொன்னால் வைப்பரைப் போட்டார். அதற்கே நெற்றியெல்லாம் வியர்வை.

இது உன்மேல் சத்தியம், அக்கா. தீபாவளிக்குள் அத்தான் தானாகவே கம்போங் குவாந்தான் வரை ஓட்டுவார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, எங்கே பிரேக் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

நகமெல்லாம் எண்ணெய்க் கறையோடு,
உன் தங்கச்சி செல்வி