சுக்சுக் யார்டில் சிவப்புக் கொடி

ஜூலை 12, 2012, வியாழன்

அனிதா என் பட்டியலைத் திருடிவிட்டாள்.

காலையில் தூறல். செய்ய வேண்டியவை: ஷூவுக்கு லேஸ், அப்பாவின் பி.பி. மாத்திரை, பயிற்சி ஏட்டில் சார்ஜ்மேன் கையெழுத்து. மூன்றும் நடக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் டீ இடைவேளை. கையைத் துடைத்துவிட்டு போனைத் திறந்தால் ‘சுக்சுக் யார்டு’ புதுப் பதிப்பு. ரயில் பெட்டிகளைத் தடம் மாற்றி நிறம் பார்த்துச் சேர்க்கும் விளையாட்டு. ஆறு மாதமாக ஆடுகிறேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னைத் தாண்டிய லெவலில் யாரும் இல்லை. புதுப் பதிப்பில் புதிதாக ஐந்து விஷயம். ஐந்தும் நான் எழுதியவை. நன்றிப் பக்கத்தில் கடைசி வரி: யோசனைகள், அனிதா.

அவள் பக்கத்து வரிசை வீடு. ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். அவள் இன்ஜினியரிங் போனாள், நான் ஐ.டி.ஐ. அவள் இப்போது ஊரின் ஐ.டி. பக்கம், மாதாப்பூரில், இந்த விளையாட்டைச் செய்யும் கம்பெனியில். நான் ரயில் பெட்டிக்கு அடியில், கிரீஸில்.

மே மாதம் அவளே சொன்னாள்: “எங்க டீம்ல டெஸ்டர் எடுக்கறாங்கடி. டிகிரி கேக்கமாட்டாங்க. கேம்ல என்னென்ன மாத்தணும்னு எழுதிக் குடு, எங்க டீம் லீட்கிட்ட உன் பேர் சொல்லிக் காட்டறேன்.”

இந்த 31-ஆம் தேதியோடு என் அப்ரண்டிஸ் முடிகிறது. அதற்குப் பிறகு வேலை என்று எதுவும் கையில் இல்லை. அவளிடம் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு தாள்தான் என் பயோடேட்டா.

அதில் தன் பேரைப் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 13, வெள்ளி

அசல் அவளிடம். நகல் எடுக்காத முட்டாள் நான். நினைவில் இருப்பவை:

– நடுவில் போன் வந்தால் ஆட்டம் முதலில் இருந்து ஆரம்பிக்கிறது. நிற்க வேண்டும்.

– சத்தத்தை அணைக்க ஒரு பொத்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறார்.

– வெயிலில் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகத் தெரிகின்றன.

– பெட்டிகள் தானாக ஒட்டிக்கொள்கின்றன. எந்த ஊரில்? கப்ளிங் போட ஆள் வேண்டும்.

– ஆட்கள் மூன்று பேராவது. ஒருத்தியாவது பெண். பிங்க் சட்டை வேண்டாம்.

– பசி. ஆளுக்குச் சாப்பாட்டு நேரம் கொடுக்காவிட்டால் வேகம் குறைய வேண்டும்.

– தோற்றால் வருகிற அந்தச் சிரிப்பு. எடுத்துவிடுங்கள். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்க ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

– சிவப்புக் கொடி. (பாதிப் பக்கம் எழுதியிருந்தேன்.)

மொத்தம் பதினேழு. மற்றவை நினைவுக்கு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புதுப் பதிப்பை நிதானமாக ஆடினேன். பெண் வந்துவிட்டாள். சட்டை பிங்க். கொடியும் வந்துவிட்டது, ஆனால் தப்பாக. மஞ்சள் சட்டைக்காரன் பெட்டிக்கு முன்னால் கொடி நட்டு அடியில் போகிறான். பச்சைச் சட்டைக்காரனைத் தட்டினால் அவன் வந்து அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுகிறான்! பெட்டி நகர்கிறது, மஞ்சள் சட்டைக்காரன் மேலேயே. அவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறான். பத்து பாயிண்ட்.

கொடியை எவன் நட்டானோ அவன்தான் எடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் சொல்லித்தருவது அது. ஆபீசரே வந்தாலும் இன்னொருவன் கொடியில் கை வைக்கக் கூடாது. அடியில் ஒரு உடம்பு இருக்கிறது. நான் எழுதிய பாதிப் பக்கமும் இதுதான். படிக்கவே இல்லை. “ரெட் ஃப்ளாக்” என்ற தலைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஏ.சி.யில் உட்கார்ந்து யோசித்தால் செத்தவன்கூடச் சிரிப்பான்.

ஜூலை 15, ஞாயிறு

புழுக்கம். தெருவில் போனாலுத் திருவிழா மேளம். சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கச் சொன்னாள். பாதியில் அனிதா. கையில் கேக் டப்பா, கழுத்தில் ஐ.டி. கார்டு. ஞாயிற்றுக்கிழமை! கம்பெனி வண்டி இறக்கிவிட்டதாம், அதனால் கழற்றவில்லையாம்.

“ஆன்ட்டி, வாசனை கேட் வரைக்கும் வருது.”

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “உக்காரும்மா, சாப்ட்டு போ. இவளும் இருக்காளே, மூஞ்சிய பாரு.”

அவளை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என் பேரு எங்கடி?”

“எந்தப் பேரு?”

“நடிக்காத. நன்றிப் பக்கத்துல.”

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மீட்டிங்ல லீட் திடீர்னு ஐடியா கேட்டார். எல்லாரும் ஏதோ சொல்றாங்க. நான் உன்னோடத சொன்னேன். சூப்பர் அனிதான்னு கை தட்டிட்டாங்க. அப்புறம் எப்டி சொல்றது?”

“வாயாலதான்.”

“ஏன்டி இவ்ளோ கோவம்? கேம்தானே ஜெனி.”

“கேம்தான்னா எதுக்கு எடுத்த?”

பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. கொடியால் பிரயோஜனம் இல்லை என்று ஆடுகிறவர்கள் எழுதித் தள்ளுகிறார்களாம். கொடி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று லீட் இவளிடம் கேட்கிறாராம். இவளுக்குத் தெரியவில்லை. என் தாள் எங்கேயோ போய்விட்டதாம்.

“சொல்றேன். முதல்ல நீ அவர்கிட்ட இது ஜெனிஃபர் எழுதினதுன்னு சொல்லு. டெஸ்டர் வேலைக்கு என்னைக் கூப்பிடட்டும். வந்து நானே சொல்றேன்.”

“27-ஆம் தேதி அஞ்சு மணிக்கு டெஸ்டர் லிஸ்ட் க்ளோஸ். அதுக்குள்ள பேசறேன்டி.”

“முதல்ல பேசு.”

கேக்கில் நான் கை வைக்கவில்லை. நல்ல கேக் போலிருந்தது.

பொறாமைதான். நானே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் கண்டுபிடிக்க வேண்டாம். அவள் கார்டு, அவள் வண்டி, அவள் நகம், “எங்க ஃப்ளோர்ல” என்று அவள் ஆரம்பிக்கிற விதம், எல்லாம். ஆனால் எனக்குப் பொறாமை இருப்பதால் அவள் திருடியது இல்லை என்று ஆகாது.

ஜூலை 17, செவ்வாய்

வேலை முடிந்து ஐந்தரைக்கு வீடு. மேசையில் ஆறு தீப்பெட்டி வரிசையாக. ஒரு குச்சியில் சிவப்பு மிட்டாய்த் தாள் ஒட்டி நிறுத்தியிருந்தது. அப்பாவும் எங்கள் ஒர்க்‌ஷாப்தான். இப்போது மெடிக்கல் லீவில் இருக்கிறார், பொழுது போகவில்லை போலும் என்று நினைத்தேன்.

“அனிதா பொண்ணு வந்துச்சும்மா. ரெண்டு மணி நேரம். நோட்டு போட்டு எழுதிக்கிச்சு.”

“என்ன எழுதினா?”

“நம்ம கொடி ரூலு. எல்லாம் சொல்லிட்டேன். கல்யாணப் பந்தி கதைகூட.”

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா ஒரு பெட்டிக்குக் கொடி வைத்தவர், எடுக்க மறந்து சித்தப்பா கல்யாணத்துக்கு ஓடிவிட்டார். பெட்டி அவசரமாகக் கிளம்ப வேண்டும். அடியில் யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் கொடியைத் தொடவில்லை. சைக்கிளில் ஆள் அனுப்பி, பந்தியில் இருந்தவரை அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். சாம்பார்க் கையோடு எடுத்தாராம்.

“அவகிட்ட எதுக்குப்பா சொன்னீங்க?”

“இன்னாம்மா ரகசியமா அது? முப்பது வருஷத்துல ஒருத்தராவது கேட்டாங்களா, நீகூட ஹவ் ஹவ்னு தலையாட்டிட்டு எழுந்து போயிடுவ. அந்தப் பொண்ணு உக்காந்து கேட்டுச்சு.”

சண்டை போட முடியவில்லை. உண்மை. தீப்பெட்டிகளை நானே எடுத்து அடுப்படியில் வைத்தேன்.

அவளை மடக்க என் கையில் இருந்த ஒரே பிடி. இரண்டு டம்ளர் காப்பியோடு போய்விட்டது.

ஜூலை 19, வியாழன்

மழை. அனிதாவுக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. லேஸ் வாங்கியாயிற்று.

ஜூலை 24, செவ்வாய்

மறுபடியும் புதுப் பதிப்பு. கொடி இப்போது சரி. முழுக்கச் சரி. மஞ்சள் சட்டைக்காரன் நட்டதை மஞ்சள் சட்டைக்காரன்தான் எடுக்கிறான். பச்சை தொட்டால் கை பின்னால் போகிறது. மஞ்சள் ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் மணி அடிக்கிறது. ஒரு சைக்கிள் கிளம்புகிறது. அவன் கேரியரில் உட்கார்ந்து வருகிறான், ஒரு கையில் இலைத் துண்டு, வாய் மென்றபடி.

அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அப்பாவிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டினேன். கண்ணாடி போட்டு, போனை மூக்குக்கிட்டே வைத்து, நாலு தடவை அவனைச் சைக்கிளில் வரவைத்தார்.

“ஹவ்! என்னையே போட்டிருக்காங்கடி!”

வராந்தாவுக்குப் போய் எதிர்வீட்டு நர்சிம்மலுவைக் கூப்பிட்டார். “தேக்கோ, பாருய்யா, இது நான். நம்ம அனிதா பண்ணுச்சு. ஜெனியோட ஃப்ரெண்டு.”

ஜெனியோட ஃப்ரெண்டு. என் அப்பா வாயால்.

அந்தக் கொடியை முதலில் எழுதியது நான் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. இந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுத்தது நானாக இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் அந்தப் போன் என் பையில்தான் இருந்தது. ஒருநாள்கூட அவர் கையில் கொடுத்துக் காட்டியதில்லை.

நன்றிப் பக்கம் பார்த்தேன். இப்போது இரண்டு வரி. யோசனைகள், அனிதா. வடிவமைப்பு, அனிதா.

ஜூலை 27, வெள்ளி

வெயில். காலையில் சக்கர ஷெட்டில் வேலை. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பயிற்சி ஏட்டில் கையெழுத்து கிடைத்தது, கடைசிப் பக்கம்வரை.

மதியம் அனிதாவின் ஆபீஸ் நம்பருக்கே போட்டேன். ஒரு பையன் தெலுங்கில், “மேடம் மீட்டிங்லோ உன்னாரு.” மீட்டிங்கில் இருக்கிறாளாம். இப்போது மேடம்.

“டெஸ்டர் லிஸ்ட்ல ஜெனிஃபர்னு பேர் இருக்கா?” என்று தெலுங்கிலேயே கேட்டேன். தேடினான். “லேதண்டி.” இல்லையாம். போனை வைத்துவிட்டான்.

3.40. மெசேஜ் அனுப்பினேன். எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன், இந்தத் தடவை நகல் இருக்கட்டும்:

“அப்பா கதையை எடுத்துக்கோ. அவர் சந்தோஷமா இருக்கார், அதுக்கு நான் எதுவும் கேக்கல. பட்டியல் என்னோடது. அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடறாங்க. நீதான் உன் பேரை வெச்ச, நீதான் எடுக்கணும், வேற யாராலயும் முடியாது. உங்க லீட் சீட்டுக்கு எழுந்து போய்ச் சொல்லு.”

3.41. டெலிவர்டு.

4.15. போனை ஓவரால் பையில் வைத்துக்கொண்டே போல்ட் முறுக்கினேன். ஒருமுறை அதிர்ந்தது. காலர் ட்யூன் விளம்பரம்.

4.50. மறுபடியும் அனுப்பினேன். ஒரே வரி.

“அனிதா, எழுந்து போ.”

டெலிவர்டு.

5.00. வேலை முடிகிற சைரன். லிஸ்ட் மூடியிருக்கும்.